எட்டாவது படம்

அனிமேஷன் தொழிலில் இருந்தவர்கள் அவளைக் கோடக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பென்சிலைக் கையில் எடுத்தால் அழிப்பானைத் தொடமாட்டாள். தோளில் தொடங்கி விரல்நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கையை வரைந்துவிடுவாள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் களைத்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்பதுகூட அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கோட்டை அடுத்தவர்களின் படங்களுக்கே கொடுத்துவந்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவள் பெயர் வருவதற்குள் அரங்கத்தைப் பெருக்க ஆள் வந்துவிடும். அதற்காக அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை.

தம்பிதான் பொருமினான். "எத்தனை காலத்துக்குக்கா அடுத்தவன் படத்துக்கே உயிரைக் குடுத்துக்கிட்டிருப்ப?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தானே ஒரு ஸ்டூடியோவைத் தொடங்கினான். டயர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், உதவிக்கு நாலைந்து பேர். வெயில் ஏறினால் ரப்பர் வாடை படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். வரைவது அக்கா, வாய் பேசுவது தம்பி. அவனுக்கு ஒரு கோட்டை நேராகப் போடத் தெரியாது. ஆனால் எந்தக் கதவையும் தட்டக் கூச்சப்படமாட்டான். பற்பசை விளம்பரத்துக்கு ஆடும் பற்கள், காப்பீட்டு விளம்பரத்துக்குச் சிரிக்கும் குடை என்று காலம் ஓடியது.

தட்டிய கதவுகளில் ஒன்று திறந்தது. ‘தூரத்துச் சூரியன்’ என்ற விண்வெளிப் படவரிசையைத் தெரியாத வீடு கிடையாது. ஒரு தலைமுறையே அந்தப் படங்களோடு வளர்ந்திருந்தது. அதில் வரும் ஒற்றைக்கண் தளபதியின் முகம் பள்ளிக்கூடப் பைகளில் இருந்தது, பனியன்களில் இருந்தது, போர்வைகளில்கூட இருந்தது. அந்த நிறுவனம் இப்போது ஒரு அனிமேஷன் தொடர் எடுக்க முடிவு செய்திருந்தது. ஒன்பது சின்ன ஸ்டூடியோக்கள், ஒன்பது தனித்தனிக் குறும்படங்கள். கதை அந்த உலகத்துக்குள் நடக்கவேண்டும். மற்றபடி அவரவர் மனசு, அவரவர் கை. தம்பி அனுப்பிவைத்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு எட்டாவது படத்தை இவர்களுக்குக் கொடுத்தார்கள்.

கோடக்காவின் கதையில் தளபதி கிடையாது. போர்க்கப்பலின் அடித்தளத்தில் சிப்பாய்களின் சீருடைகளைத் துவைக்கும் ஒரு பெண்தான் எல்லாம். அவள் சண்டையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. துணியில் வரும் கறையையும் கிழிசலையும் வைத்துத்தான் மேலே என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்வாள். மகனும் அதே கப்பலில் சிப்பாய். அவனுடைய சட்டைக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருப்பாள். ஒருநாள் அந்தச் சட்டை சலவைக்கு வராது. அடுத்த நாளும் வராது. அவள் வந்த துணிகளை எடுத்துத் துவைப்பாள். அவ்வளவுதான் படம்.

அந்தப் பெண்ணின் கைகளுக்காக அவள் வேறெங்கும் போகவில்லை. வீட்டில் அம்மா துணி மடிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "என் கையில என்னடி படமா ஓடுது?" என்பாள் அம்மா. "ஓடப்போகுதும்மா" என்பாள் மகள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. டயர் கடைக்காரர்கூடத் தம்பியிடம் கேட்டார், "அக்காவுக்குக் கல்யாணம் கில்யாணம் ஏதாவது முடிவாகியிருக்கா?"

படம் முக்கால்வாசி முடிந்தபோது நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கணினித் திரையில் வந்தார். தன்மையான பெண்மணி, பேச்சில் ஒரு முள் கிடையாது.

"படம் இங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. முடிவுதான் கொஞ்சம்... பாக்கிறவங்களை அந்தரத்துல விட்டுட்ட மாதிரி இருக்குமோன்னு ஒரு பயம். தளபதி ஒரு தடவை கீழ இறங்கி வந்தா நல்லா இருக்கும். உங்க மகன்தான் கப்பலைக் காப்பாத்தினான்னு அந்தம்மாகிட்ட சொல்லி ஒரு பதக்கம் குடுத்தா போதும்."

"வந்துதான் ஆகணுமா?" என்று கேட்டாள் கோடக்கா.

"கட்டாயமெல்லாம் இல்லைங்க. உங்க படம். யோசிச்சுச் சொல்லுங்க."

கட்டாயம் என்று சொல்லியிருந்தால் சண்டைக்காவது நின்றிருப்பாள். அந்தத் தன்மையான குரலுக்கு முன்னால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒரு நிமிஷக் காட்சிதான்கா. அவங்க மனசைக் கோணவச்சு நமக்கு என்ன ஆகப்போகுது?" என்றான் தம்பி. அவன் சொன்னதற்காக மட்டும் அவள் தலையாட்டவில்லை. தன் கதைமேல் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. யாருக்கும் தெரியாத ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் அழாமல் நிற்பதை ஊர் உலகம் எதற்காகப் பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. மறுநாள் சரி என்று சொல்லி அனுப்பினாள். தளபதி அந்தத் தாயின் தோளில் கை வைக்கும் காட்சியை வரைய உட்கார்ந்தபோது அந்தக் கை படியவேயில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

தொடர் வெளியான அன்று மத்தியானத்துக்குள் விமர்சனங்கள் வரத் தொடங்கின. எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்த படவரிசைக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றார்கள். தம்பி உரக்கப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த விமர்சனத்துக்குத் தாவினான். அதிலும் நிறுத்தினான்.

"படிடா" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்கா. மத்தபடி எல்லாம் பொதுவா எழுதியிருக்காங்க."

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ‘எட்டாவது படத்தைத் தவிர’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘ஒன்பதில் ஒன்று சறுக்கியது’ என்று இன்னொருவர். பெரிய பத்திரிகையில் வாராவாரம் எழுதும் விமர்சகர் ஒருவர் உண்டு. அவர் ஒரு வார்த்தை நல்லதாக எழுதிவிட்டால் தொழிலில் இருப்பவர்கள் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். அவர் எழுதியிருந்தார்: ‘முதல் பத்து நிமிடங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு தளபதி வந்து ஒரு பதக்கத்தைக் கொடுத்தார். பெற்றவள் தாங்கிக்கொண்ட துக்கத்தைப் படமெடுத்தவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.’

ரசிகர்கள் வேறு காரணத்துக்காக அடித்தார்கள். துணி துவைக்கிறதைப் பார்க்கவா காத்திருந்தோம் என்றார்கள். அதெல்லாம் அவளைத் தொடவில்லை. விமர்சகரின் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா படத்தைப் பார்த்தாள். கைகள் வந்த இடத்தில் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முடிந்ததும், "எல்லாம் சரி. அந்த ஒத்தைக் கண்ணன் எதுக்குடி வந்தான்?" என்று கேட்டாள்.

"சும்மா வந்தாம்மா" என்றாள் மகள்.

தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. அக்கா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து போனான். ரசிகர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் ஒரு பொய்ப் பெயரில் நுழைந்து வாய்க்கு வந்தபடி எழுதினான். அந்த விமர்சகருக்குப் படம் பார்க்கவே தெரியாது என்றான், நிறுவனம்தான் முடிவைக் கெடுத்தது என்றான். ஆதாரம் எங்கே என்று ஒருவன் சீண்டினான். உடனே அக்காவின் மேசையிலிருந்து முதலில் வரைந்த கடைசிக் காட்சியைப் படம்பிடித்துப் போட்டுவிட்டான். வெளியே யாருக்கும் காட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்த ஓவியம் அது. எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க அதற்குமேல் யாருக்கும் மூளை வேண்டியிருக்கவில்லை.

இரண்டே நாளில் அது செய்தியாகிவிட்டது. ‘இயக்குநரின் தம்பியே பொய்ப் பெயரில்’ என்று ஆரம்பித்துச் சிரித்தார்கள். ஓவியத்தைப் பார்த்தவர்களில் பலர் இதுதான் நல்ல முடிவு என்றார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக முடிந்தது. இவ்வளவு நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதை விட்டுக்கொடுத்தவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டார்கள். அதுவரை திறமை போதாதவளாக இருந்தவள் இப்போது முதுகெலும்பில்லாதவள் ஆனாள்.

தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். "உனக்காகத்தான்கா பண்ணினேன்."

"தெரியும்டா" என்றாள். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பத்திரிகை விமர்சகர் ஸ்டூடியோவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"அம்மா, உங்க தம்பி எழுதினதை நான் மனசுல வச்சுக்கல. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். முடிவை மாத்தச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? அப்படின்னா நான் எழுதினதைத் திருத்தி எழுதறேன். அது என் கடமை."

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நிறுவனத்தின் தயவு ஏற்கெனவே போய்விட்டது; இழக்க ஒன்றுமில்லை. எதிரே தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சொல்லு, சொல்லு என்று அவன் முகம் கெஞ்சியது.

"இல்லைங்க" என்றாள் கோடக்கா. "கேட்டாங்க. நான் சரின்னேன். தளபதியை வரைஞ்ச கையும் என் கைதான்."

"அந்தக் கடைசி ஓவியத்தைப் பாத்தேன்" என்றார் அவர். "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு."

"நீங்க எழுதினது சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி மாடிப்படி இறங்கிப் போனான். அவன் அழுததை டயர் கடைக்காரர் பார்த்ததாகச் சொன்னார்.

நிறுவனத்திலிருந்து ஒரு வழக்கும் வரவில்லை, ஒரு சுடுசொல்லும் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அது தெரிந்ததும் விளம்பரக்காரர்களும் மெல்ல ஒதுங்கினார்கள். அதையாவது சமாளித்திருக்கலாம். கோடு போய்விட்டதை என்ன செய்வது? பென்சிலை எடுத்தால் தோளிலேயே கை நின்றுவிடும். இது பொய்யோ, இதையும் யாராவது வேண்டாமென்றால் மாற்றிவிடுவேனோ என்ற யோசனை முதலில் வரும். யோசித்துப் போட்ட கோட்டில் உயிர் இல்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். மாடி அறைகளுக்கு ஒரு பல் வைத்தியர் குடிவந்தார்.

தம்பி அடுக்குமாடி வீடுகளை விற்கும் வேலைக்குப் போனான். அவன் வாய்க்கு அது ஒத்துவந்தது. அவளுக்கு ஒரு சின்ன அச்சகத்தில் வேலை கிடைத்தது. மின்தூக்கிகளிலும் படிக்கட்டுகளிலும் ஒட்டும் எச்சரிக்கைப் படங்களை வரையவேண்டும். தீப்பிடித்தால் இந்தப் பக்கம் ஓடு, கதவில் கை வைக்காதே. அந்தப் படங்களில் வரும் மனிதர்களுக்கு முகம் கிடையாது. தலை என்றால் ஒரு வட்டம். அங்கே யாருக்கும் கோடக்கா என்ற பெயர் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

தொடரின் இரண்டாம் பாகம் வந்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை. விமர்சனங்களை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தாள். ஏன் படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எல்லாரும் மறுபடியும் புகழ்ந்திருந்தார்கள். ‘முதல் பாகத்தில் இருந்த அந்த ஒரே குறையும் இம்முறை இல்லை’ என்று ஒருவர் முடித்திருந்தார். எந்தக் குறை என்று அவர் எழுதவில்லை. அதற்குள் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அக்கா அச்சகத்து வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பியிருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு யோசிச்சேன். அந்தக் கதையை நாமளே பண்ணலாம். கப்பல் வேண்டாம், தளபதி வேண்டாம். ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்னு வச்சுக்கோ. நீ வரைஞ்ச மாதிரியே, நீ நினைச்ச முடிவோட. யாரும் குறுக்க வரமாட்டாங்க."

அவன் கண்ணில் பழைய பரபரப்பு தெரிந்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மனசு நோகாமல் ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினாள்.

"நல்ல யோசனைதான்டா. ஆனா எனக்கு அந்தப் பொண்ணை இப்ப தெரியல."

"தெரியலன்னா?"

"முன்ன அவ என்ன செய்வா, எப்படி நிப்பான்னு எனக்குத் தெரியும். இப்ப நினைச்சா அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கறா."

அவன் உள்ளே போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான். அவள் வாசல்வரை போய் அவனை வழியனுப்பிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். முகமில்லாத ஒரு மனிதன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். அம்புக்குறியை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருந்தார்கள். அவள் அழிப்பானை எடுத்தாள்.