துண்டுக்கடியில் சொன்ன பதில்

சிலமலையில் நானும் அப்பாவும் மாட்டுத் தரகர்கள். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தித்தான் சொல்வோம்.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு இரண்டு மாதத்தில் நடை திரும்பிவிட்டது. ஞாபகமும் புத்தியும் எப்படி இருக்கிறதென்று பார்க்க, போடி ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஒரு தாளோடு எதிரில் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தையே மதித்த மனுசனுக்குப் பரீட்சையா? தப்பாகச் சொன்னால் கிறுக்கு என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"

அப்பா விழித்தார். அவர் துண்டு மடியில் கிடந்தது. அதற்கடியில் அவருடைய நல்ல கையைப் பிடித்து அழுத்தினேன்.

"பதினாலு" என்றார் உடனே.

"நூறுல ஏழு போனா?"

மறுபடி அழுத்தினேன்.

"தொண்ணூத்தி மூணு."

கேள்வி எதுவும் அவருக்குப் புரியவில்லை. என் விரல் மட்டும் புரிந்தது. தாளைப் பார்த்த டாக்டர், "தெளிவா இருக்காரு, தனியா வெளிய போகலாம்" என்றார்.

மறுவாரம் அப்பா மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறியிருக்கிறார். "தோட்டத்துல சோலி கெடக்கு, வெரசா போ அப்பு" என்றாராம் டிரைவரிடம். எங்களுக்கு மலையில் தோட்டமே கிடையாது.

மூன்றாம் நாள் ஏலக்காய்ச் செடிகளுக்குள் கிடந்த உடலைத் தூக்கி வந்தோம். குளிப்பாட்டும்போது அந்தக் கையை மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை.