சங்கரபாண்டியனின் இடது கை

“இறுக்கத்துலதான்லே இருக்கு சத்தம்! லேசாப் புடிச்சு உலகத்துல எது சத்தம் போட்டுருக்கு? என் கையில ஒண்ணு சிக்கி, அது சத்தம் குடுக்காமப் போனதா சரித்திரமே கிடையாது!”

ஆமத்தூரில் செல்லச்சாமியின் டீக்கடையில் நின்று சங்கரபாண்டியன் வெளியிட்ட இந்த அறிக்கையை எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்கவில்லை. ஆனாலும் அதில் தொழில்முறை உண்மை இருந்தது. அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இளவட்டமாக உள்ளே போனபோது கிடைத்தது அணுகுண்டுக்குச் சணல் சுற்றும் வேலை. உள்ளே எத்தனை நல்ல மருந்து இருந்தாலும் சுற்று தளர்ந்தால் குண்டு ‘புஸ்’ என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துவிடும். அவர் சுற்றிய குண்டு எந்தத் தீபாவளியிலும் பெருமூச்சு விட்டதில்லை. தத்துவத்தை அவர் குண்டோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. அவர் மூடிய குழாயைத் திறக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

போர்மேன் ஆன பிறகு சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பானது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். காது எத்தனை நாள் பொறுக்கும்? முதலில் புல்லாங்குழல் கூட்டணியை விட்டு விலகியது. அடுத்து வயலின். பெண் குரல்கள் சில காலம் வெளியிலிருந்து ஆதரவு தந்தன. பிறகு அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டன. பாட்டென்றால் சோறு தண்ணீர் மறக்கிற மனிதருக்கு, பாடுகிறவர்கள் எல்லாரும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுவதுபோல் ஆகிவிட்டது.

“கீச்சுச் சத்தம் பூராம் போயிருச்சு. தடிச்ச சத்தம்தான் மிச்சம். அதையாவது காப்பாத்திக்கிருங்க,” என்றார் காது டாக்டர்.

அந்த மிச்சத்தால் என்ன பயன் என்பது அவருக்கு விருதுநகர் பங்குனிப் பொங்கலில்தான் தெரிந்தது. மேடையில் கச்சேரி. மனைவி பாலம்மாளுக்காக வந்தவர், ஆள் உயர ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் வேண்டாவெறுப்பாக நின்றார். திடீரென்று உள்ளங்காலில் ஏதோ ஏறியது. முழங்கால், வயிறு என்று படிப்படியாக ஏறி நெஞ்சில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பாட்டு! தொலைந்துபோன பாட்டின் முழு நடையும் அங்கே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினார். டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் படாத மூலையில், நீளக் கழுத்துக் கிதாரில் நாலே நாலு தடிக் கம்பிகளை ஒருவன் தடவிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, அழுகீகளா?” என்றாள் பாலம்மாள்.

“கண்ணுல தூசி.”

கச்சேரி முடியும்வரை தூசி விழுந்துகொண்டே இருந்தது.

தீபாவளி சீசன் முடிந்ததும் அந்த மூலைக்காரனைத் தேடிப் போனார். அஷ்ஃபாக், விருதுநகர் பஜாரில் செல்போன் பழுது பார்க்கிறவன். மாலையில் அந்தத் தடிக் கம்பிக் கிதார், பாஸ் கிதார். பழைய கிதார் ஒன்றை அவனே வாங்கிக் கொடுத்துப் பாடமும் ஆரம்பித்தான். “பங்குனிப் பொங்கலுக்கு ஒரு பாட்டு நீங்க வாசிங்க அண்ணாச்சி” என்று வாக்கும் கொடுத்தான். அன்றிலிருந்து சங்கரபாண்டியனுக்கு அந்த இருட்டு மூலைதான் கனவு. மேடையின் நடுவே நிற்கத்தான் ஊரில் எல்லாருக்கும் ஆசை; மூலைக்கு ஏங்கிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பாடத்தில் ஒரே ஒரு கருத்து வேறுபாடு.

“இடது கைய லேசா வைங்க அண்ணாச்சி. நீங்க அது கழுத்தை நெரிக்கீக.”

“சத்தம் வர வேண்டாமா தம்பி?”

“சத்தத்தை வலது கை பாத்துக்கிரும். இடது கை இடத்தைக் காட்டுனாப் போதும்.”

“இடத்தைக் காட்ட நான் என்ன சர்வேயரா?”

வீட்டுக்கு வந்து நெரித்தார். குண்டுக்குச் சணலை இழுத்த அதே முறுக்கில் கம்பியை அமுக்கினார். சுருதி பிசகினால் அழுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் அமுக்கினார். மாசி பிறந்தபோது கட்டைவிரல் அடியில் ஒரு கங்கு வந்து உட்கார்ந்தது. அது மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்குக் குடியேறியது. காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால் மாட்டும் கலையை வீட்டுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டார். தைலம் தேய்த்தார், உப்பு ஒத்தடம் கொடுத்தார். வலி என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் விடவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் கிளாஸ் அவர் இடது கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் சிதறியது.

“ஏலே சங்கரபாண்டி, லேசாப் புடிச்சா சத்தம் வராதுன்ன? அடுத்த தெருவரைக்கும் கேட்டுருச்சே!” என்றார் செல்லச்சாமி.

கடை சிரித்தது. சங்கரபாண்டியனும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பாலம்மாள் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

“இதையா இம்புட்டு நாளா துண்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீக? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

கை டாக்டர் தசைநார் வீக்கம் என்று சொல்லிப் பட்டைக் கட்டு மாட்டினார். “சித்திரை முடியுற வரைக்கும் கம்பிய அமுக்கப்படாது. மீறுனீங்கன்னா கை நிரந்தரமா மடங்காமப் போயிரும்.”

சித்திரை முடிவதற்குள் பங்குனிப் பொங்கல் வந்து போய்விடும்.

“அடுத்த வருசம் இருக்குல்ல அண்ணாச்சி,” என்றான் அஷ்ஃபாக்.

அடுத்த வருடம் இருக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தடித்த சத்தம் அதுவரை காதில் இருக்குமா என்பதற்குத்தான் எந்த டாக்டரும் உத்தரவாதம் தரவில்லை. சங்கரபாண்டியன் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினார். ஆமத்தூர் வரும்வரை ஜன்னல் கம்பியில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். எஞ்சினின் உறுமல் அதில் நன்றாகவே வந்தது.

பொங்கல் கச்சேரிக்கு அவர் போகவில்லை. பாலம்மாளும் போகவில்லை. சாயங்காலம் அவளுடைய போனில் கச்சேரி நேரலையாக ஓடியது.

“இந்தா, உங்க பாட்டு!” என்று போனை அவர் பக்கம் திருப்பினாள்.

போனின் சின்ன ஸ்பீக்கருக்குத் தடித்த சத்தம் தெரியாது. அவர் காதுக்குக் கீச்சுச் சத்தம் தெரியாது. இரண்டும் கைவிரித்ததில் பாட்டு முழு ஊமையாகிவிட்டது. திரையில் அஷ்ஃபாக் மட்டும் அதே மூலையில் நின்றான். கேட்க ஒன்றும் இல்லாததால் சங்கரபாண்டியன் அவனது இடது கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இட்லி வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி அந்த விரல்கள் கம்பியில் பட்டுப் பட்டு விலகின. அவ்வளவுதான்.

எழுந்தார். உள் அறைக்குப் போய்ப் பட்டைக் கட்டைக் கழற்றினார். அமுக்கக் கூடாது என்றுதான் டாக்டர் உத்தரவு. தொடக் கூடாது என்று இல்லை. கிதாரை மடியில் வைத்து, அதன் உடலில் கொம்புபோல் நீட்டிய மேல்முனையில் தாடையைச் சாய்த்துக்கொண்டார். தடிக் கம்பியின் மேல் இடது விரலை வைத்தார். வழக்கமான முறுக்கு தோளிலிருந்து கிளம்பி வந்தது. அதை முழங்கையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். விரல் கம்பியின் மேல் படுத்தது. வலது கையால் ஒரு தட்டு.

தாடை எலும்பு வழியாக அது உள்ளே வந்தது. வட்டமாக, முழுசாக, பிசகே இல்லாமல். வந்து மண்டைக்குள் நெடுநேரம் நின்றது.

பாலம்மாள் வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, ஸ்பீக்கர் வயரைச் சொருகலையா? சத்தமே காணோமே!”

கண்ணைத் திறக்காமல், “வருது,” என்றார் சங்கரபாண்டியன். விரலை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி தட்டினார்.