மடுவில் வெயில் விழுந்த பிறகு

மீனுக்குத் தீனி போடாதீர்கள் என்று வீடு வீடாய்ச் சொல்லித் திரிகிற வேலை என்னுடையது. வழுக்கையாற்று மடுக்களில் சின்ன மீன்களைப் பிடித்து, வீட்டுத் தொட்டிகளில் விடுவேன். அவை தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழுக்களான குடம்பிகளைத் தின்ன வேண்டும். நுளம்புக்கடியில் நித்திரை கெட்ட உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

பசி

உடுவில் ஊரிலுள்ள சாந்தி அக்காவின் மகள் டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து தப்பியவள். இன்னொரு முறை வந்தால் பொல்லாதது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற தொட்டியை மூடவும் முடியாது. அதனால் நான் விட்ட மீன்களைத்தான் அக்கா நம்பியிருந்தார். நம்பியவர் சோறும் போட்டிருக்கிறார். வயிறு நிறைந்த மீன் குடம்பியை ஏன் தேடும்? கண்டித்தேன்.

"பசியோடை கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடித் தம்பி சாப்பிடுறது?"

சிரமதானம்

பற்றையில்தான் நுளம்பு இருக்கிறதென்று ஊர்ச் சங்கம் ஆட்களைக் கூட்டிச் சிரமதானமாய் ஆற்றங்கரையைத் துப்புரவாக்கியது. பற்றையோடு, மடுவுக்கு நிழல் தந்த மரங்களும் போயின. படமும் எடுத்துக்கொண்டார்கள்.

பங்குனி வெயிலில் நானும், என்னோடு வேலை செய்யும் தவம் அண்ணையும் மீன் பிடிக்கப் போனோம். இறங்கியதும் தண்ணீர் காலைச் சுட்டது. இளஞ்சூடென்றால் மீன் அதிகமாய்த்தான் தின்னும். சூடு அளவு மீறினால் அதற்கு மூச்சே பெரும்பாடு. வாயை மேலே தூக்கித் தவித்துக்கொண்டு நின்ற மீன்கள், பக்கத்தில் நெளிந்த குடம்பிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. குடம்பிகளுக்கோ அந்தச் சூடு நல்ல காலம். வெகு சீக்கிரம் வளர்ந்து பறந்துவிடும். செத்த மீன்கள் கரையோரம் ஒதுங்கியிருந்தன. தவம் அண்ணை வலையைச் சுருட்டினார்.

"மூச்சு வாங்கிறதைப் பிடிச்சுக்கொண்டு போய் ஆரின்ரை தொட்டியிலை விடுறது?"

வெறும் வாளி

சாந்தி அக்காவின் தொட்டி மீன்களும் அதே வெயிலில் செத்துப்போயின. புது மீனுக்குக் காத்திருந்தவர் முன் வெறும் வாளியோடு போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். உள்ளே அந்தப் பிள்ளை பகலிலும் நுளம்பு வலைக்குள் படுத்திருந்தாள்.

அக்கா ஆள் நடமாடும் ஒழுங்கைப் பக்க வேலியை மறைத்திருந்த ஓலைக் கிடுகுகளைக் கழற்றி வந்து, தொட்டிக்கு மேல் பந்தல் போட்டார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் வேலியைப் பிரித்தால் ஊர்க்கண்ணெல்லாம் உள்ளே வரும் என்று எங்கள் பக்கத்தார்க்குத் தெரியும். பிறகு தேத்தண்ணி வடிக்கிற வடியை எடுத்துக் குடம்பிகளை அள்ளத் தொடங்கினார்.

"ஊர் பாத்தால் பாக்கட்டும். நீங்கள் மீன் கொண்டுவாற அண்டைக்குத் தண்ணி ஆறியிருக்க வேணும்."

நுளம்பை ஒழிக்கப் புறப்பட்ட ஊர் நிழலை ஒழித்துவிட்டு வந்ததில், மீன் பார்த்த வேலையை இப்போது ஒரு தாயும் ஒரு தேத்தண்ணி வடியும் பார்க்கிறார்கள்.