மேகத்தை வெட்டாத காத்தாடி

நிலப் பத்திரத்தில் கையெழுத்துக்காகச் சுயம்புலிங்கம் பேனாவின் மூடியைக் கழற்றி மூன்றாவது முறையாக நீட்டினார். பிச்சையம்மாள் வாங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, கரண்டு நமக்கா? நாட்டுக்கு."

நாடு என்று சொல்லும்போது சுயம்புலிங்கம் குரலைத் தாழ்த்துவார். காற்றாலைக் கம்பெனி நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் கற்றது. கோம்பைப் பக்கம் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. விசிட்டிங் கார்டில் மக்கள் தொடர்பு அலுவலர் என்று இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. ஆடு மேய்ப்பவரிடமும் "க்ளீன் எனர்ஜி" என்றுதான் தொடங்குவார். மேய்ப்பவர் ஆட்டைத் திருப்பிக்கொண்டு போனால், விழிப்புணர்வு இல்லை என்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஆறு வருடத்துக்கு முன்பு முதல் காற்றாலைக் காத்தாடிகள் வந்தபோது கம்பெனி, ஊரில் நிலத் தரகு பார்த்த அவரைக் கேட்காமலேயே நிலம் பிடித்துவிட்டது. அந்த எரிச்சலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பேச்சைக் கிளப்பினார். காத்தாடி இறக்கை மேகத்தை வெட்டிவிடும், மழை இறங்காது. அந்த வருடம் மழையும் பொய்த்தது. பேச்சு சின்னமனூர் வரை போயிற்று. கம்பெனி விசாரித்தது, இப்படிப்பட்ட ஆள் உள்ளே இருப்பதே நல்லது என்று வேலையும் ஜீப்பும் கொடுத்தது. மறுவாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்து, காத்தாடி மேகத்தை இழுக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் அதையும் நம்பினார்கள்.

சென்னையில் இருக்கும் மேனேஜர் வினோத்ராஜ் வருடத்துக்கு ஒருமுறை வருவார். காத்தாடிக்கு இரண்டு மரக்கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. மழை நின்றுவிடும் என்று ஊரார் பயப்படுவது தெரிந்ததும், வீட்டுக்கு ஒரு குடை கொடுக்கச் சொன்னார். ஊராரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது கடைசிக் காத்தாடிக்கு இடம் அமையவில்லை. சாயங்காலத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக வினோத்ராஜ் காலையில் போனில் சொல்லிவிட்டார்.

"மேகத்த வெட்டும்னு நீகதானண்ணே சொன்னீக" என்றாள் பிச்சையம்மாள்.

"அது அப்பத் தெரியாமச் சொன்னது. இழுக்கும் ஆத்தா. கம்பெனியில படிச்சவுக சொல்லுறாக."

"நெசமா இழுக்குமா?"

"சத்தியமா."

அவள் கடலை உடைப்பதை நிறுத்தினாள். "அப்ப உங்க நெலத்துலயே நட்டுக்கங்க. சர்வேக்காரக உங்க வரப்புலயும்தான மஞ்சப் பெயிண்டு அடிச்சுட்டுப் போனாக. ரெண்டுல எதுன்னாலும் சரின்னாக. இழுக்குற மேகம் உங்க தலைக்கு மேலயே நிக்கட்டும்."

சுயம்புலிங்கம் திரும்பி, அவள் நிலத்தை ஒட்டிக் கிடந்த தன் இரண்டு ஏக்கரைப் பார்த்தார். உழுது போட்டிருந்தது. பத்திரத்தில் பெயரை மாற்றி எழுதினால் போதும். வேலை தங்கும், ஜீப் தங்கும், வாடகையும் அவருக்கே வரும். பிறகு பேனாவை மூடினார்.

"எனக்கு மானாவாரி ஆத்தா, மழைய நம்பித்தான் வெதைக்கணும்" என்றார், நாடு என்று சொல்லும் அதே குரலில்.

"எனக்கு மட்டும் கெணறா வெட்டிக் கெடக்கு?"

அவர் ஜீப்பில் ஏறும்போது அவள் கேட்டாள், "பெறகு எதுக்குண்ணே சத்தியம் பண்ணுனீக?" அவர் ஜீப்பைக் கிளப்பினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து ஜீப்பை எடுத்துப் போனான். கடைசிக் காத்தாடி வேறு ஊருக்கு என்று முடிவாயிற்று. சுயம்புலிங்கம் சோளப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலத்துக்கு நடந்தார். மேற்கு மலைக்கு மேல் கொஞ்சம் மேகம் இருந்தது. அதைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, ஈரமே இல்லாத புழுதியில் விதையை வீசத் தொடங்கினார்.