செவப்புப் பொட்டுக்காரர்

மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு ஈஸ்வரன் பத்து நிமிடம் சும்மா நிற்பார். குழாயில் தேங்கிய தண்ணீர் போக வேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்குப் பொறுக்காது.

"ஏனுங்க, தண்ணி பூரா வீணாப் போகுதுங்களே!"

"பூமிக்குள்ள இருக்கறது வரட்டுங்க அம்மணி."

பிறகு அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, விளிம்புவரை பிடித்து, எண் எழுதுவார்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எந்தச் சந்தில் யார் வீட்டு போர்வெல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நிலத்தடி நீர் வரைபடத்துக்கு மாதிரி எடுக்கும் தற்காலிக வேலை. தற்காலிகமாகவே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஃப்ளோரைடு மிஞ்சிய இடத்துக்குப் படத்தில் சிவப்புப் புள்ளி. ஊர் அவருக்கு வைத்த பெயர் செவப்புப் பொட்டுக்காரர். வருடா வருடம் படம் மட்டும் அழகாகிக்கொண்டே போகிறது.

"இத்தன வருசம் ஆபீசுக்கு வெசத் தண்ணி செமந்தனுங்க. திரும்பி வர்றப்ப ஆரும் ஒரு கொடம் குடிக்கற தண்ணி குடுத்து உடலீங்க" என்பார், சிரிக்காமல்.

உப்புக் கரிக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் அது 'நல்ல தண்ணி'. ஃப்ளோரைடுக்கோ ருசியே கிடையாது. பல்லில் காவி ஏறி, முட்டி மடங்காமல் போன பிறகும், "கல்கண்டாட்ட இருக்குதுங்க" என்று சாதிப்பார்கள். சொல்லிச் சொல்லி ஈஸ்வரனுக்கு வாய் வலித்துவிட்டது. அவர் வீட்டு போர்வெல்லும் சிவப்புதான். பஞ்சாயத்துக் குழாயில் வாரம் ஒருநாள் தண்ணீர் வந்தால் அதிசயம். மற்ற நாளெல்லாம் அவர் வீட்டிலும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

மகன் ராஜசேகருக்கு முப்பத்தொன்று. சிவப்புப் புள்ளிச் சேதி பரவியதும் மூன்று இடம் தட்டிப்போயிற்று. பெண்ணை இந்தத் தண்ணீருக்கு அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? தான் பிடித்த பாட்டிலே பிள்ளையின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறதே என்று அவர் வெந்துபோகாத நாளில்லை.

போன ஞாயிறு நான்காவது இடம். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். ஈஸ்வரனின் மனைவி சிவசங்கரி சொம்பில் போர்வெல் தண்ணீர் கொடுத்தாள். பெண்ணின் அப்பா வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தண்ணியப் பத்தி உங்களாட்டத் தெரிஞ்சவங்க ஆருமில்லீங்க. எம்புள்ள இதைக் குடிக்கலாமுங்களா?"

ஈஸ்வரன் எழுந்துபோய், அவர் கையிலிருந்த சொம்பை வாங்கி, எல்லார் முன்னாலும் அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.