வானத்துக்குப் பாடு வைத்த அஞ்சலையக்கா

செய்தி வந்தபோது நான் அனுப்பம்பட்டில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே கூடத்திலிருந்து வீட்டுக்காரர், "வருது... போச்சு... இப்ப வருது" என்று கத்திக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. மணல்மேட்டுக்குப்பத்து ஊர்ப் பெரியவர் தேசப்பன். "டிஷ்காரரே, நம்ம அஞ்சலை போயிடுச்சுப்பா. பொன்னேரி ஆஸ்பத்திரிலருந்து எடுத்தாறோம். படகுத்துறைக்கு வந்துடு" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அண்ணே, கைய எடுத்துடுங்க, சூப்பரா வருது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அஞ்சலையக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழவேற்காடு கடைத்தெருவில் டிஷ் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் உறவும் இல்லை, ஊரும் இல்லை. வாடிக்கையாளர். என் தொழிலில் நான் பார்த்த வாடிக்கையாளர்களிலேயே மகா தொல்லை பிடித்தவர். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள். அவரே கேட்டால் சிரித்திருப்பார்.

முதல் முறை அவர் என் கடைக்கு வந்தது ஏரியிலிருந்து நேராக. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையால் துழாவிப் பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறி கையில் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னா நைனா, எங்க ஊருக்கு டிவி வருமா வராதா? ஒரே பேச்சா சொல்லு" என்றார். வராது என்று ஒரே பேச்சாகச் சொன்னேன். ஏரிக்கு நடுவே இருக்கும் மணல் தீவு. கம்பம் நட்டால் சாயும். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். டிஷ் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் படம் போய்விடும். இதற்கு முன் முயன்ற வீடுகளில் டிவிப் பெட்டிகள் சேலை போர்த்திக்கொண்டு தூங்கின. மழை வந்தால் சுத்தமாக நின்றுவிடும் என்றும் சேர்த்துச் சொன்னேன். "மழை வரப்போவுதுன்னு முன்னாடியே சொல்லும் இல்ல? அது போதும்" என்றவர், வாசற்படியில் உட்கார்ந்தார். கடையை மூடும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் கணவர் ஏழுமலை கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அன்று புயல் வருவது பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. குப்பத்துக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே கைப்பேசி சிக்னல் பிடிக்கப் படகேறி ஏரிக்குள் வர வேண்டும். "எல்லாருக்கும் தெரிஞ்ச புயலு நைனா. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியல" என்றார். அழவில்லை. பறியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வரியா, நாளன்னிக்கு வரியா?" என்று கேட்டார். நாளைக்கே போனேன்.

படகில் டிஷ்ஷை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்காமல் முந்தானையால் மூடிக்கொண்டே வந்தார். ஊர்ப் பொது மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த மணல் மேட்டில் கம்பம் நட்டோம். மண்டபத்து டிவியில் படம் வந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்து ஊரே கை தட்டியது. அடுத்த மாதமே கம்பம் சாய்ந்தது. அடியில் கான்கிரீட் போட்டேன். கான்கிரீட்டோடு சாய்ந்தது. நீர்க்காகங்கள் வேறு அதன்மேல் உட்கார்ந்து இறக்கை உலர்த்தின. என்னால் ஆகாது, விட்டுவிடுங்கள் அக்கா என்றேன். "வலை கிழிஞ்சா உக்காந்து பின்றோம். இது சாஞ்சா மட்டும் தூக்கிப் போட்டுடணுமா?" என்று கேட்டார். கம்பத்துக்கு நாலு பக்கமும் கயிறு கட்டினோம். அந்தக் கயிற்றைத் தினமும் இறுக்க வேண்டும், டிஷ்ஷில் படியும் உப்பைத் தினமும் துடைக்க வேண்டும். தினமும் யார் செய்வது? அவரால் எல்லா நாளும் முடியாது. ஊருக்குப் படம் வேண்டும், வேலை வேண்டாம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஏரியில் வலை கட்டும் இடங்களை இந்த ஊர்களில் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. இதற்குப் பாடு என்று பெயர். பாடு ஆண்களுக்குத்தான். ஆண் இல்லாமல் போன வீட்டுக்குப் பாடும் இல்லாமல் போகும். ஏழுமலை போன பிறகு அக்கா கையால் இறால் துழாவிப் பிழைத்தது அதனால்தான். அந்த அக்கா ஊர்க்கூட்டத்தின் நடுவே போய் நின்று, டிஷ்ஷுக்கும் பாடு வைக்கலாம், வீட்டுக்கு ஒரு நாள், ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் சேர்த்து என்றார். நானும் அங்கே இருந்தேன். தேசப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பள வூட்டுக்கு ஏது பாடு? இந்த ஊர்ல என்னிக்கு இருந்துது?" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "தண்ணி உங்க பாடு, செரி. வானத்துக்கு எப்போ நைனா பாடு போட்டீங்க?" என்று கேட்டார். தேசப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆண்கள் யாரும் சேரவில்லை. கணவனை இழந்த பெண்கள் நாலைந்து பேர் மட்டும் மாறி மாறிக் கயிறு இறுக்கினார்கள், உப்புத் துடைத்தார்கள். அக்கா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் வானிலைச் செய்தி. அது முடிந்ததும் அன்றைக்கு யார் பாடோ அவர் சொல்கிற நிகழ்ச்சி. கிரிக்கெட் நாள் ஒன்று வந்தது. ஆண்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். அன்று அஞ்சலையக்காவின் பாடு. செய்தி முடிந்ததும் சமையல் நிகழ்ச்சியை வைத்துவிட்டு ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். அங்கே கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்க, இங்கே ஒரு அம்மாள் நிதானமாக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். "நான் பிரியாணி கத்துக்கணும்" என்றார் அக்கா. மறுநாள் காலையில் தேசப்பனே அவர் வாசலுக்குப் போய், "எங்க வூட்டையும் சேத்துக்கம்மா" என்றாராம். அக்கா செய்த இறால் பிரியாணியைப் பிறகு சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் புயல் செய்தி வந்தது. கடல் அப்போது தகராறு இல்லாமல்தான் கிடந்தது. தேசப்பனின் மகன் படகில் ஐஸ் ஏற்றி வைத்திருந்தான். "டிவிக்காரன் சொன்னா ஆச்சா? காத்தே இல்ல" என்று மல்லுக்கு நின்றான். அக்கா அவனோடு வாதாடவில்லை. படகின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். "என்ன ஏத்திக்கினு போ. அவரு போன எடத்த நானும் பாக்கறேன்" என்றார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு படகை மேட்டில் ஏற்றினான். மற்ற படகுகளும் ஏறின. புயல் மண்டபத்துக் கூரை ஓடுகளோடு டிஷ்ஷையும் பிடுங்கி ஏரியில் போட்டது. ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை.

புது டிஷ்ஷோடு நான் போனபோது அவர் மணல் மேட்டில் தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். உங்கள் டிஷ் போய்விட்டதே அக்கா என்றேன். "இது வியுந்தா நட்டுக்கலாம் நைனா" என்றவர், குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். "அவருக்கும் யாராச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். நானும் அழுதுவிட்டேன். பிறகு இருவருமாகக் கம்பத்தை நட்டோம்.

இப்போது குப்பத்தில் சிக்னல் நன்றாகவே வருகிறது. புயல் செய்தி எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. இனிமேல் எதற்கு அக்கா இந்தக் கயிற்று வேலை என்று போன வருடம் கிண்டல் செய்தேன். "போன்ல வந்தா அவனவனுக்குத் தெரியும். இதுல வந்தா ஊருக்குத் தெரியும்" என்றார். சர்க்கரை நோயில் கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு மணலில் ஏறி, முந்தானையால் உப்பைத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

காரியத்தன்று மண்டபத்தில் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, பூட்டியாகிவிட்டது. அடுத்த பாடு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது தேசப்பன் வருத்தத்தோடுதான் சொன்னார். "வூடு பூட்டிட்டா பாடு போயிடும். நாம போட்ட சட்டம் இல்ல, ஊர் வழக்கம். அஞ்சலையோட பாடு, அத எடுத்துடலாம்" என்றார். ஏழுமலை இறந்த அன்றும் இதே வார்த்தையைத்தானே சொல்லியிருப்பார்கள்? அந்தப் பாடு முறையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து நின்றேன். "நீ எங்க ஊர்க்காரனே இல்லியே நைனா, உனக்கு எப்படி?" என்றார் தேசப்பன். வானத்துக்கு எப்போது பாடு போட்டீர்கள் என்று கேட்டேன். தேசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சலை பேச்சு மாதிரியே கீது. எடுத்துக்கோ" என்றார்.

அக்காவின் படம் என்னிடம் இல்லை. அவர் பாடு இருக்கிறது. அது சுற்றி வரும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுப் படகேறுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் முதல் பாடு. கயிற்றை இறுக்கி, உப்பைத் துடைத்து, முதலில் வானிலைச் செய்தி வைப்பேன். அது முடிந்ததும் சமையல் நிகழ்ச்சி. அன்றைக்குக் கிரிக்கெட் இருக்கிறதாம். மணல்மேட்டுக்குப்பத்து ஆண்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும்.