வழி பார்க்காத குட்டி

எங்கள் அத்தைக்கு நாய் என்றால் ஆகாது. அப்படி அத்தைதான் சொல்லிக்கொள்வாள். நாய்களுக்கு அந்த விவரம் தெரியாது. அவள் வாசல் தெளிக்கும் நேரத்துக்குத் தெருவில் உள்ளதெல்லாம் சரியாக ஆஜராகி வாலாட்டி நிற்கும்.

1991ஆம் வருடக் கோடை. படப்பையிலிருந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்த மாமா, ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து நாய்க்குட்டி ஒன்றை எடுத்துக் கீழே விட்டார். தாய் லாரியில் அடிபட்டுப் போக, இது மட்டும் கம்பெனி கேட்டையே சுற்றிக்கொண்டிருந்ததாம். "கேரியர் எங்க?" என்றுதான் அத்தை முதலில் கேட்டாள். கேரியரைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் மனுஷன். அப்புறம் அத்தை குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்ல வூடா கெடைக்கிற வரைக்கும்தான். பேரு கீரு வெச்சிடாதீங்க, அப்பால அனுப்ப மனசு வராது."

நான் அந்த வீட்டுக்கு வந்தே அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு ஏழு வயது. அம்மா இறந்த பிறகு அப்பா என்னைத் தன் தங்கையிடம் விட்டு, சீக்கிரம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெருப் பிள்ளைகள் என்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. "அது ஊருக்குப் போயிடும்டி" என்பார்கள். நியாயம்தானே என்று நானும் படியில் உட்கார்ந்து, பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியொரு தனிமை அது. பகல் நகரவே நகராது.

குட்டி வந்ததும் நகர்ந்தது. என் பாவாடை நாடாவைக் கடித்து இழுக்கும். மாமாவின் ஒரு கால் செருப்பை மட்டும் கிணற்றடியில் கொண்டுபோய் வைக்கும். நான் அழுதால் வந்து காதை நக்கும். கூச்சத்தில் அழுகையே நின்றுவிடும். நாய் ஆகாத அத்தை, எனக்குப் பால் ஆற்றும்போது அதற்கும் கொட்டாங்கச்சியில் ஊற்றினாள்.

இதற்கிடையில் பெண் பார்க்க வருவது மாதிரி ஆட்கள் வந்து போனார்கள். வந்தவர் மேலெல்லாம் ஏறிக் குட்டி கொஞ்சும். அவர்களும் சிரித்துக்கொண்டே தூக்குவார்கள், வயிற்றைத் திருப்பிப் பார்ப்பார்கள். "அடடா, பொட்டையா? வேணாம்மா" என்று இறக்கி விடுவார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அது போய்விட்டால் அந்தத் தெருவில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

கடைசியில் மாமாவின் கம்பெனிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா கேட்டனுப்பினாள். "பொட்டைன்னா இன்னா இப்போ? அதுதான் வூட்டோட கிடக்கும்" என்றாளாம்.

மறுநாள் காலை மாமா சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன், மடியில் குட்டி. அத்தை அதற்கு ஒரு சாக்கைப் போர்த்திவிட்டாள்.

"மூஞ்ச நல்லா மூடிக்கினு போ. வழி பாத்துச்சின்னா திரும்பி வந்துடும்."

தெரு தாண்டியதும் நான் சாக்கை விலக்கினேன். விலக்கினது மட்டுமா, பாடமே நடத்தினேன். இதோ பார் புளியமரம், இங்கே திரும்பணும், இது ஏரிக்கரை, இது கம்பெனிச் சுவர் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே போனேன். மாமாவுக்குக் காற்றில் கேட்கவில்லை. அந்தக் கழுதையோ ஒன்றையாவது பார்க்க வேண்டுமே! வழிநெடுக என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மோவாயை நக்கிக்கொண்டு வந்தது. டீக்கடையில் இறக்கி விட்டதும் அந்த அக்காவின் முந்தானையைக் கடித்து இழுத்து ஆட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் கிளம்பியதை அது கவனிக்கவே இல்லை.

ஆனாலும் காத்திருந்தேன். அத்தை தெளிக்கும்போது வந்து நிற்கும் நாய்களுக்குள் தேடுவேன். வரவில்லை. வழி பார்த்திருந்தால் வந்திருக்குமே என்று ஆற்றாமையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அத்தையிடம் கேட்டேன்.

"அத்தை, அப்பா என்னை இட்டாந்தப்போ நான் முழிச்சிக்கினு இருந்தேனா?"

"இல்ல கண்ணு. உங்கப்பன் தோள்ல தூங்கிக்கினு வந்தே."

"அதான் எனக்கும் வழி தெரியல."

அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள், திரும்பி வரவே இல்லை. மாமா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். குழம்பில் உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது, பாவம் அத்தை, என்று நினைத்தேன். அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று என் தட்டிலிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.